இடப்பக்கம் இழுக்கும் வண்டி

மூன்று மெக்கானிக் கைபட்டு வரும் வண்டியைத் தொட எனக்குப் பிடிக்காது. எது கம்பெனி போட்ட வாஷர், எது நடுவில் யாரோ சொருகியது என்று பிரித்துப் பார்ப்பதற்குள் பாதி நாள் போய்விடும். இருந்தும் அந்த முந்திரி வியாபாரியின் வண்டியை வாங்கி ஓரமாக நிறுத்தச் சொன்னேன். அவர் சொன்ன குறைதான் காரணம்.

"அண்ணே, இடப்பக்கமா இழுக்குது. ஒருத்தர் கோன் செட் மாத்தினார். ஒருத்தர் டயர் மாத்தினார். ஒருத்தர், ரோடு அப்படித்தான், ஓட்டிப் பழகிக்கங்கன்னுட்டார். இதுல என்ன கொடுமைன்னா, முன்ன வச்சிருந்த வண்டியும் இதே பக்கம்தான் இழுத்துச்சு. அதனாலதான் அதை வித்துட்டு இதை எடுத்தேன்."

உடம்பை மாற்றினாலும் வினை கூடவே வரும் என்று பாடம் கேட்டிருக்கிறேன். அது சென்டர் ஸ்டாண்டு போட்டு என் வாசலில் நின்று பார்த்தது இல்லை.

எனக்குப் பண்ருட்டியில் கடலூர் சாலையில் கடை. மாதம் ஒருமுறை சைவ சித்தாந்த வகுப்புக்கும் போகிறேன். நகக்கண்ணில் கிரீஸோடு சிவஞான சித்தியாரைப் புரட்டுகிறவன் என்று பக்கத்துப் பஞ்சர் கடைக்காரருக்கு என்மேல் ஒரு இளக்காரம் உண்டு. ஆனால் இந்த ஊரில் இருந்துகொண்டு சித்தாந்தம் படிக்காமல் இருப்பதுதான் கஷ்டம். சித்தியார் எழுதிய அருணந்தி சிவாசாரியாரின் திருத்துறையூர் எங்களுக்குப் பக்கத்தில். உண்மை விளக்கம் செய்த மனவாசகங் கடந்தார் திருவதிகைக்காரர். கெடிலத்துக் கரையில் இருக்கும் எங்கள் திருவதிகைதான். இரண்டு பேருக்கும் குருவான மெய்கண்டார் இருந்த திருவெண்ணெய்நல்லூரும் அதிக தூரமில்லை. 13-ஆம் நூற்றாண்டில் இந்த வட்டாரத்தில் உட்கார்ந்து இவர்கள் தலையை உடைத்துக்கொண்ட கேள்வியும், அந்த வியாபாரி கொண்டுவந்த கேள்வியும் ஒன்று என்றே எனக்குப் படுகிறது. கோணல் எங்கே இருக்கிறது? ஒருவேளை என்னிடமே இருந்தால், அதை நானே அறிந்துகொள்ள முடியுமா?

சித்தியாரில் அளவை இயல் என்று ஒரு பகுதி உண்டு. ஒன்றை அறிவதற்கு எத்தனை வழி என்று கேட்டுக்கொண்டு, பத்து வரை எண்ணிக் காட்டி, அத்தனையும் காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடங்கிவிடும் என்று ஆசிரியர் முடிக்கிறார். பார்ப்பது, பார்த்ததை வைத்து ஊகிப்பது, தெரிந்தவர் சொல்வதை ஏற்பது. அந்தப் பத்தில் ஒழிபு என்று ஒன்று வருகிறது. இது இல்லை, இதுவும் இல்லை என்று தள்ளிக்கொண்டே போய், மிச்சம் நிற்பதைப் பிடிப்பது. வகுப்பில் இதற்கு ராமன், ராவணன் என்று உதாரணம் சொன்னார்கள்: இரண்டு பேர் சண்டையில் ராமன் வென்றான் என்றால் தோற்றவன் யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு அந்த உதாரணம் தேவைப்படவில்லை. என் தொழிலே ஒழிபுதான்.

ஒழிபுக்கு ஒரு வரிசை உண்டு. செலவில்லாததை முதலில் பார்க்க வேண்டும். முதலில் காற்று. 100 சிசி வண்டி என்றால் முன்னால் 25, பின்னால் ஆள் ஒருவராகப் போனால் 28 என்பது ஏறக்குறைய கணக்கு. அடுத்து டயர் முகம். உள்ளங்கையை வைத்துத் தடவினாலே ஒரு தோள் தேய்ந்து மறுதோள் நிற்பது தெரிந்துவிடும். நம் ஊர் வண்டிகளில் பெரும்பாலும் வலப்பக்கத் தோள்தான் முதலில் தேயும். அதற்குக் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

அப்புறம் நூல். கொத்தனார் சுவர் பிடிக்கிற அதே நூல். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, பின் டயரின் பின்பக்கம் நூலைச் சுற்றி, இரண்டு முனையையும் இரண்டு பக்கமாக முன்னால் கொண்டுவந்து, பின் டயரின் முன் ஓரத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி இழுத்துப் பிடிக்க வேண்டும். பல்சர் மாதிரி வண்டியில் பின் டயர் தடி, முன் டயர் ஒல்லி. அதனால் நூலுக்கும் முன் டயருக்கும் நடுவில் சந்து விழும். அந்தச் சந்து இடமும் வலமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் விரல் நுழைந்து மறுபக்கம் நகம்கூட நுழையாவிட்டால் பின் சக்கரம் ஒரு பக்கம் திரும்பி நிற்கிறது என்று அர்த்தம். ஓட்டுகிறவருக்கு அது தெரியாது. வண்டி கொஞ்சம் கோணலாகவே முன்னேறிக்கொண்டிருக்கும், அவர் கை அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொண்டே வரும்.

செயின் அட்ஜஸ்டரில் கம்பெனியே கோடு போட்டுத் தந்திருக்கிறதே, இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் வைத்தால் போதாதா என்று கடைப்பையன்கள் கேட்பார்கள். அது உரை அளவை. சொன்னவர் நம்பத் தகுந்தவரா என்று பார்த்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கோடுகள் எல்லா வண்டியிலும் துல்லியமாக விழுவதில்லை. நான் ஸ்விங் ஆர்ம் போல்ட்டிலிருந்து பின் ஆக்சில் வரைக்கும் இரண்டு பக்கமும் டேப் வைத்து அளந்துவிடுவேன்.

வியாபாரியின் வண்டியில் நூல் சரியாக இருந்தது. ஸ்விங் ஆர்மைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினேன், புஷ்ஷில் ஆட்டமில்லை. ஃபோர்க் பைப்பைக் கழற்றிக் கண்ணாடிப் பலகைமேல் உருட்டினேன். பைப் வளைந்திருந்தால் உருளும்போது அடியில் வெளிச்சம் ஒரு இடத்தில் எட்டிப் பார்க்கும், மறையும், மறுபடி எட்டிப் பார்க்கும். இதில் வெளிச்சமே வரவில்லை. கீழே விழுந்த வண்டியில் ஃபோர்க் வளையாமலேயே அதைப் பிடித்திருக்கும் டி பிடியில் முறுக்கிக்கொண்டு நிற்பதும் உண்டு; சக்கரம் நேராக இருக்கும், ஹேண்டில் ஒரு பக்கம் பார்க்கும். டி போல்ட்டுகளை இளக்கி, முன் சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கு நடுவே இறுக்கி, ஹேண்டிலைப் பிடித்து ஒரு திருப்புத் திருப்பினால் சரியாகிவிடும். அதுவும் இல்லை.

வண்டி குற்றமற்றது என்று ஆகிவிட்டது. மிச்சம் இரண்டு: சாலை, ஆள்.

சாலையைச் சொன்ன மெக்கானிக்கின் பேச்சிலும் கொஞ்சம் உண்மை உண்டு. மழைத் தண்ணீர் வடிவதற்காக நம் தார்ச்சாலைகள் நடுவில் மேடாகவும் இரண்டு ஓரமும் சரிவாகவும் போடப்படுகின்றன. சரிவு மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர் போல இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. நாம் இடப்பக்கமாகப் போகிறவர்கள். ஆக, லைசென்ஸ் வாங்கிய நாள்முதல் இடச்சரிவிலேயே ஓட்டிக்கொண்டிருக்கிறோம். வண்டி நிமிர்ந்துதான் நிற்கிறது, சாலைதான் அதன் கீழே சாய்ந்திருக்கிறது. அதனால் டயரின் வலத்தோள்தான் தரையை அதிகம் தொடுகிறது, அதுவே முதலில் தேய்கிறது. எல்லாரும் ஒரே பக்கம் சரிந்த சாலையில் போகும்போது அந்தச் சரிவுக்கு நேர் என்று பெயர் வந்துவிடுகிறது. சாதி விஷயத்தில் நம் ஊரில் நல்லவர்கள் என்று பெயரெடுத்தவர்கள் பேசுவதைக் கேட்கும்போது இந்த எண்ணம் எனக்கு வரும். அவர்கள் கையால் எதையும் திருப்பவில்லை, சாலை போன போக்கில் போகிறார்கள், அவ்வளவுதான்.

ஆகவே சாலையில் வைத்துச் சோதித்தால் சாலையைத்தான் சோதிக்கிறோம். நெல் காயப்போடும் சிமெண்ட் களம் ஒன்று இருக்கிறது, மட்டம் பார்த்துப் போட்டது. அங்கே கொண்டுபோனேன். இரண்டு கையையும் விட்டு ஓட்டிப் பார்க்கும் வித்தையை நான் யாருக்கும் சொல்வதில்லை. விழுந்தவர்களை எடுத்துக் கட்டுப்போட்டு அனுப்பியிருக்கிறேன். பிடியை விட்டுவிட்டு, உள்ளங்கையைக் கைப்பிடிமேல் சும்மா வைத்திருந்தால் போதும், எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று கை சொல்லிவிடும். முதலில் கடைப்பையனை ஓட்டச் சொன்னேன். நேராகப் போனான். நான் ஓட்டினேன். நேராகப் போனது. எதிர்த் திசையில் திருப்பி ஓட்டினேன், அப்போதும் நேர்தான். அப்புறம் வியாபாரியை ஏறச் சொல்லிவிட்டு நான் இன்னொரு வண்டியில் பின்னாலேயே போனேன்.

பின்னாலிருந்து பார்த்தால்தான் அது தெரியும். அவர் சட்டையின் முதுகுத் தையலுக்குக் கீழே வால் விளக்கு இருக்க வேண்டும். தையல் நாலு விரல் இடப்பக்கம் தள்ளி நின்றது. ஆள் இடப்பக்கம் நகர்ந்து உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பாரம் வண்டியை இடப்பக்கம் இறக்கப் பார்க்கிறது. அவர் வலக் கைப்பிடியை அழுத்தி அழுத்தி நேர்செய்கிறார்.

"காலில் எப்பண்ணே அடிபட்டுது?" என்றேன். நடக்கும்போது அவ்வளவாகத் தெரியவில்லை, வண்டியில் உட்கார்ந்தால் இடது முழங்கால் கொஞ்சம் நீட்டிக்கொண்டு போகிறது.

"அது இருக்கும், ஏழெட்டு வருஷம். நெய்வேலிப் பக்கம் லாரிக்காரன் தட்டிட்டுப் போயிட்டான். தொடை எலும்பு. ஆனா அந்த வண்டியை அப்பவே சேசிஸ் வரைக்கும் பிரிச்சுப் பார்த்துட்டாங்களே." விபத்தில் கோணலானது வண்டி மட்டும் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தார். எலும்பு கூடும்போது இடது கால் சற்றே குட்டையாகிவிட்டது. ஃபுட்ரெஸ்டை எட்டுவதற்காக இடுப்பு தானாகவே இடப்பக்கம் நகர்ந்துகொள்கிறது. வண்டியை மாற்றினார், இடுப்பும் கூடவே வந்தது.

நான் சொன்னதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "நான் நேராத்தான் உக்காந்திருக்கேன்" என்றார். பொய் சொல்லவில்லை. அவருக்கு அதுதான் நேர்.

இந்த இடத்தில் சித்தியார் சொல்லும் காண்டலை இன்னும் நுணுக்கமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. காட்சியை ஆசிரியர் பல வகையாகப் பிரிக்கிறார். கண், காது வழியாக அறிவது ஒன்று. மனத்தால் அறிவது ஒன்று. தன்வேதனைக் காட்சி என்று இன்னொன்று உண்டு. எனக்குப் பசிக்கிறது, எனக்கு வலிக்கிறது என்பது போல, தன் இன்ப துன்பத்தைத் தானே அனுபவித்து அறிவது. இதில் ஏமாற வழியில்லை என்றுதான் தோன்றும். வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் இல்லை என்று யார் சொல்வது? வியாபாரிக்கும் வலி இருந்தது. வலது உள்ளங்கையில் கட்டைவிரலுக்குக் கீழே காய்த்துப்போயிருந்தது, காட்டினார். வலி நிஜம். தான் எதையோ எதிர்த்து அழுத்துகிறோம் என்ற அறிவும் நிஜம். ஆனால் அந்த எதையோ என்பதற்கு அவர் வண்டி என்று பேர் வைத்தார். அந்தப் பேர் காண்டலில் வந்ததல்ல, கருதலில் வந்தது. காண்டலின் தெம்பைக் கடன்வாங்கிக்கொண்டு நின்றது. நம்முடைய உழைப்பு நமக்குத் தெரிகிறது. எந்தச் சாய்வை மறைக்க அந்த உழைப்பு என்பது தெரிவதில்லை. வீட்டில் எல்லாரும் என்னை எதிர்க்கிறார்கள் என்று சொல்கிறவர்களின் களைப்பைப் பார்த்திருக்கிறேன், அந்தக் களைப்பும் பொய்யில்லை.

இன்னொன்றும் உண்டு. வலப்பக்கம் போக வலக் கைப்பிடியைத்தான் முன்னால் அழுத்த வேண்டும் என்பது இரண்டு சக்கர வண்டி ஓட்டும் அத்தனை பேருக்கும் கை அறிந்த விஷயம், வாய் அறியாத விஷயம். வேகத்தில் போகும்போது, வலப்பக்கம் திரும்ப முதலில் சக்கரம் ஒரு நொடி இடப்பக்கம் திரும்ப வேண்டும். அப்போதுதான் வண்டி வலப்பக்கம் சாயும். விமானம் பறக்கவிட்ட ரைட் சகோதரர்களுக்கு அதற்கு முன் சைக்கிள் தொழில்தான். அவர்களில் மூத்தவரான வில்பர், இடப்பக்கம் எப்படித் திரும்புகிறீர்கள் என்று சைக்கிள் ஓட்டுகிறவர்கள் பலரைக் கேட்டிருக்கிறார், கேட்டவுடன் சரியாகச் சொன்னவர் ஒருவர்கூட இல்லை. ஏறக்குறைய எல்லாரும் ஹேண்டிலை இடப்பக்கம் திருப்புகிறோம் என்றார்களாம். நான் என் கடைக்கு வருகிறவர்களைக் கேட்டாலும் அதே பதில்தான். தினமும் செய்வதையே தலைகீழாகச் சொல்கிற மனுஷன், தான் எப்படி உட்கார்ந்திருக்கிறேன் என்று சொன்னால் எப்படி எடுத்துக்கொள்வது?

மெய்கண்டார் கதை இங்கேதான் வருகிறது. அருணந்தி சிவாசாரியார் மெய்கண்டாரின் தந்தை குடும்பத்துக்குக் குலகுரு. ஆகமங்கள் எல்லாம் கற்றவர் என்று சகலாகம பண்டிதர் என்ற பட்டம். மெய்கண்டார் அப்போது சிறுபிள்ளை. திருவெண்ணெய்நல்லூரில் அந்தப் பிள்ளை பாடம் சொல்கிறது, தம் மாணவர்களே அங்கே போய் உட்கார்கிறார்கள் என்று கேட்டுப் பண்டிதர் நேரில் போய் நின்றார். பாடம் ஆணவத்தைப் பற்றி நடந்துகொண்டிருந்தது. ஆணவத்தின் வடிவம் எது என்று கேட்டார். பிள்ளை பதில் பேசவில்லை. பண்டிதரைச் சுட்டிக் காட்டியது என்பாரும் உண்டு, மேலும் கீழும் பார்த்தது, அவ்வளவுதான் என்பாரும் உண்டு. பண்டிதர் அந்த இடத்திலேயே காலில் விழுந்து மாணவரானார்.

வகுப்பில் இந்தக் கதையைச் சொல்லும்போது குருவின் பெருமை என்று சொல்வார்கள். எனக்குப் பண்டிதரின் பெருமைதான் பெரிதாகத் தெரிகிறது. பின்னாலிருந்து பார்த்தவன் சொல்வது சுலபம். நான் வியாபாரியிடம் சொன்னேனே. அவர் என்ன, விழுந்தா கும்பிட்டார்? பார்க்கிறவன் பார்த்ததை, உட்கார்ந்திருப்பவன் ஒப்புக்கொள்வதுதான் அபூர்வம். அந்த ஒப்புதலைத்தான் மலபரிபாகம் என்று பக்குவத்தின் பெயரால் சொல்கிறார்கள் என்று நினைக்கிறேன். அது வருவதற்கு முன் எத்தனை பெரிய குரு சொன்னாலும், "நான் நேராத்தான் உக்காந்திருக்கேன்" என்பதுதான் பதில்.

இதோடு நிறுத்தினால், எல்லாக் குறையும் உனக்குள்ளேதான் என்று சொல்லும் கூட்டத்தில் நானும் ஒருவனாகிவிடுவேன். அந்தக் கூட்டத்தோடு எனக்கு ஒத்துப்போகாது. டிவியில் காலை வேளையில் வந்து, கஷ்டம் வெளியே இல்லை, உன் மனதில் இருக்கிறது என்று சிரித்த முகத்தோடு சொல்கிறார்கள். வட்டி கட்ட முடியாதவனுக்கும் அதே மருந்து, கணவன் அடிக்கும் பெண்ணுக்கும் அதே மருந்து. வண்டியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் ஓட்டிப் பழகிக்கங்க என்று அனுப்புகிற மெக்கானிக்குக்கும் இவர்களுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. இழுக்குது என்று வருகிற வண்டிகளில் பெரும்பாலானவற்றில் நிஜமாகவே ஏதாவது கெட்டிருக்கும். ஃபோர்க் வளைந்திருக்கும், புஷ் தேய்ந்திருக்கும், பின் சக்கரம் திரும்பியிருக்கும். ஆளைக் குறைசொல்லும் உரிமை, நூல் பிடித்து, பைப் உருட்டி, களத்தில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் வரும்.

எங்கள் ஊர் நூல் இந்த வரிசையை மதிக்கிறது. உண்மை விளக்கத்தில் மாணவன் குருவிடம் கேள்விகளை அடுக்குகிறான். முதல் கேள்வி நான் யார் என்பதில்லை. முப்பத்தாறு தத்துவங்கள் எவை என்று முதலில் கேட்கிறான். மண், நீர், கண், காது, மனம் என்று உடம்பும் உலகமும் ஆன உதிரிபாகங்கள் மொத்தமும் அதில் அடக்கம். பிறகு ஆணவம். பிறகு வினை. இவ்வளவுக்கும் பிறகே நான் எது என்ற கேள்வி. பாகம் பாகமாகப் பிரித்துப் பார்த்து, இது நானில்லை, இதுவும் நானில்லை என்று தள்ளிய பிறகு மிச்சம் நிற்பவனைப் பற்றிய கேள்வி. சித்தியாரும் அப்படித்தான்: முதலில் பரபக்கம், பிறர் கொள்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து விசாரித்துத் தள்ளுவது, பிறகுதான் சுபக்கம், தன் கொள்கை. நேராகச் சுபக்கத்துக்குப் போகிறவர்கள்தான் இன்றைக்கு அதிகம்.

பிறவியிலேயே சாய்ந்த வண்டிகளும் உண்டு. பழைய பஜாஜ் சேத்தக்கில் எஞ்சின் வலப்பக்கம், பின் சக்கரத்தை ஒட்டி இருந்தது. வெஸ்பா வழியில் வந்த அமைப்பு. யாரும் கெடுக்கவில்லை, கம்பெனியிலிருந்து வரும்போதே வலப்பக்கம் பாரம். சேத்தக் ஓட்டிப் பழகியவர்கள் தெரியாமலேயே இடப்பக்கம் சாய்ந்து அதைச் சமன்செய்துகொண்டார்கள். அப்புறம் பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த மோட்டார் சைக்கிளில் ஏறினதும் இடப்பக்கம் இழுக்குது என்று வந்து நின்றார்கள். மனைவியை எப்போதும் பின்னால் உட்காரவைத்துப் போகிறவர்கள் கதையும் இதேதான். நம் ஊரில் பெண்கள் இரண்டு காலையும் இடப்பக்கம் தொங்கவிட்டு உட்காருவார்கள், சேலை கார்டு அந்தப் பக்கம் இருப்பதே அதனால்தான். அந்தப் பாரத்துக்கு ஓட்டுகிறவர் உடம்பு வலப்பக்கம் ஈடுகொடுத்துப் பழகிவிடும். தனியாகப் போகும் நாளில் காலி வண்டி வலப்பக்கம் போகிறது. வாசனை என்று நூல்களில் படிப்பது இதைத்தான்: பாரம் இறங்கிவிட்டது, ஈடுகொடுத்த பழக்கம் இறங்கவில்லை.

சரி, இழுக்காமல் இருப்பது என்றால் என்ன? இருவினையொப்பு என்ற சொல்லை வகுப்பில் பலர், நல்வினையும் தீவினையும் தராசில் சம எடைக்கு வருவது என்று புரிந்துகொள்கிறார்கள். 18-ஆம் நூற்றாண்டில் மாபாடியம் எழுதிய சிவஞான முனிவர் வழியில் படித்தவர்கள் அதை மறுப்பார்கள். எடை சமமாவதல்ல, இரண்டின் பயன்களிலும் ஒரே பார்வை வருவது, விருப்பும் வெறுப்பும் இல்லாமல் நிற்பது என்பார்கள். இந்த இரண்டாவது விளக்கம்தான் சரி என்று எனக்கும் படுகிறது. ஆனால் அதைக் கேட்டவர்களில் சிலர், எதற்கும் அசையாமல் கல்லாக இருப்பது என்று எடுத்துக்கொள்வதைப் பார்க்கிறேன். கோன் செட்டை இறுக்கிப் போட்ட வண்டியை அவர்கள் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

ஹேண்டில் ஆடுகிறதே என்று சில மெக்கானிக்குகள் ஹேண்டில் கழுத்தில் இருக்கும் கோன் நட்டை இறுக்கிவிடுவார்கள். நின்ற இடத்தில் பார்த்தால் திடமாக இருக்கும். ஓட்டினால் இடமும் வலமுமாக அலையும், முப்பது கிலோமீட்டர் வேகத்திலேயே குடித்தவர் ஓட்டுவது போலப் போகும். இரண்டு சக்கரம் நிற்பதே, சாயும் பக்கமாக முன் சக்கரம் கொஞ்சம் திரும்பிக்கொடுத்து, நிமிர்ந்து, மறுபக்கம் கொஞ்சம் திரும்பிக்கொடுத்துத்தான். அந்த அசைவைப் பூட்டிவிட்டால் வண்டி விழத் தொடங்கும். நேராகப் போகும் வண்டியின் ஹேண்டிலைக் கூர்ந்து பாருங்கள், ஒரு கணம்கூட அது சும்மா இருக்காது. வள்ளுவர் நடுவுநிலைக்குத் துலாக்கோலைச் சொன்னார். கோல் நிற்கிற பொருளை நிறுப்பது. ஓடுகிற வாழ்க்கைக்கு எனக்கு ஹேண்டில்தான் தோதாகப் படுகிறது.

நடுவிலும் ஒரு ஆபத்து இருக்கிறது. பழைய கோன் செட்டைக் கழற்றினால், பால் ரேஸில் நேர்ப்பார்வைக்கு உரிய இடத்தில் சின்னச் சின்னப் பள்ளம் விழுந்திருக்கும். வண்டி பெரும்பாலும் நேராகத்தானே போகிறது, குழியில் விழும் அடியெல்லாம் குண்டுகள் அந்த ஒரே இடத்தில் இருக்கும்போது விழுகிறது. முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஹேண்டிலை ஒரு விரலால் மெல்லத் தள்ளினால், நடுவுக்கு வந்ததும் டக்கென்று பள்ளத்தில் உட்காரும். கை வைத்தால் தெரியும். அந்த வண்டிக்கு நடு என்பது ஒரு சிறை. எந்த விஷயத்திலும் நான் நடுநிலை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிற பெரிய மனிதர்கள் கடைக்கு வருவதுண்டு, அவர்களோடு பேசிக்கொண்டிருக்கையில் எனக்கு அந்த டக் கேட்கும்.

வியாபாரி விஷயத்துக்கு வருகிறேன். அவர் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் வண்டியை அப்படியே அனுப்ப மனமில்லை. இடது ஃபுட்ரெஸ்ட்டுக்கு லேத்தில் ஒரு கட்டை கடைந்து, ஒரு அங்குலம் உயர்த்தினேன். ஃபுட்ரெஸ்ட் உயர்ந்தால் கியர் மிதி காலுக்கு அடியில் போய்விடும், அதைக் கழற்றி ஒரு பல் மேலே ஏற்றி மாட்டினேன். குட்டைக் காலுக்கு ஃபுட்ரெஸ்ட் எட்டியதும் இடுப்பு தானாக நடுவுக்கு வந்துவிட்டது. களத்தில் இரண்டு சுற்று போய்வந்து, "இப்ப பரவால்லண்ணே, என்ன பார்ட் மாத்தினீங்க?" என்றார். ஒன்றும் மாற்றவில்லை என்றேன். அப்படியானால் லேத் கூலி மட்டும் எடுத்துக்குங்க என்று கொடுத்துவிட்டுப் போனார். பார்ட் மாற்றினால் கூலி, கண்டுபிடித்ததற்குக் கூலி இல்லை என்பது இந்தத் தொழிலின் பழைய நியாயம், அதில் எனக்கு வருத்தமில்லை.

இதை வகுப்பு முடிந்து வாத்தியாரிடம் சொன்னபோது அவர் முகம் சுளித்தார். "நீ அவருடைய கோணலைத் தீர்க்கல. கோணலுக்குத் தோதா உலகத்தை வளைச்சுக் கொடுத்துட்ட. இனிமே அவருக்குத் தன் கால் குட்டைன்னு தெரியவே போறதில்ல. அவர் அறியாமையை நீ சுகமாக்கிட்ட" என்றார்.

அவர் சொல்வதில் நியாயம் இல்லாமலில்லை. அந்த ஃபுட்ரெஸ்ட் இல்லாமல் அவர் வேறு யார் வண்டியிலாவது ஏறினால் பழையபடி இழுக்கத்தான் போகிறது. ஆனால் சித்தாந்தத்தை அவர் ஒரு பக்கமாக எடுத்துக்கொள்கிறார் என்று எனக்குத் தோன்றியது, சொன்னேன். சித்தாந்தத்தில் மாயை என்பது வெறும் மயக்கமில்லையே, ஐயா. தனு, கரணம், புவனம், போகம் என்று உடம்பையும் கருவியையும் உலகத்தையும் அனுபவத்தையும் ஆன்மாவுக்குக் கொடுப்பது அதுதானே. ஆணவ இருட்டில் கொஞ்சமாவது பார்த்து நடக்கட்டும் என்றுதானே அந்தக் கருவிகள். கொடுத்தவன் அந்தந்த ஆன்மாவின் கால் அளவு பார்த்துத்தானே கொடுத்திருக்கிறான்? முழுப் பக்குவம் வந்த பிறகுதான் ஃபுட்ரெஸ்ட் தருவேன் என்று அவன் காத்திருக்கவில்லை.

"அப்படின்னா நீ சிவனா?" என்றார் வாத்தியார்.

"இல்லைங்கய்யா, மெக்கானிக். அவர் காலையில நாலு மணிக்கு முந்திரி மூட்டையோட கடலூர் போகணும்."

அடுத்த மாதம் சத்திநிபாதம், அதாவது ஆன்மாவில் அருள் பதிவது பற்றிய பாடம். அருள் பக்குவத்துக்குக் காத்திருக்குமா, பக்குவத்தையே அருள்தான் உண்டாக்குமா என்பதை அப்போது கேட்பதாகச் சொல்லியிருக்கிறேன். வாத்தியாரும் புத்தகம் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னார். வியாபாரி இன்னும் தன் கால் நேர் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார், என் கடையைப் பற்றி மட்டும் நாலு பேரிடம் நல்லபடியாகச் சொல்கிறார் போலிருக்கிறது. இழுக்குது என்று இரண்டு வண்டி வந்து நிற்கிறது. ஒன்றில் பின் சக்கரம் திரும்பியிருக்கிறது. இன்னொன்றுக்கு இன்னும் நூல் பிடிக்கவில்லை.